கடல் இல்லாத கலண்டர்

கடல்தொழிலுக்குப் போகிறவனைப் பார்த்து "எங்கை போறாய்?" என்று கேட்கக் கூடாது. குருநகரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். யாராவது கேட்டுத் தொலைத்தால், போனவன் திரும்பி வீட்டுக்கு வந்து, நிலத்தில் குந்தி, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வெளிக்கிட வேண்டும். நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். சகுனம் பார்ப்பது பாவம் என்று பங்குச் சுவாமி பிரசங்கத்தில் சொல்வார், நாங்களும் பவ்வியமாகத் தலையாட்டுவோம். கோயில் வாசலைத் தாண்டியதும் சுவாமியின் பேச்சு சுவாமிக்கு, எங்கள் சகுனம் எங்களுக்கு.

சந்தியோகு சம்மாட்டியின் வள்ளத்தில் இந்தச் சட்டம் இன்னும் இறுக்கம். வள்ளமும் வலையும் அவருடையவை. அதில் போகிற எங்கள் நாலு பேருக்கும் அவர் வைத்ததுதான் வேதம். கேள்வி விழுந்தவனை அவர் அன்றைக்கு ஏற்றவே மாட்டார். "நீ தண்ணி குடிச்சு முடியுமட்டும் காத்து நிண்டு பாக்குமோ?" என்று சொல்லிவிட்டுப் பாயை இழுத்துவிடுவார்.

அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஏழு மாதம் உயிர் தப்பினேன். எனக்குக் கடலென்றால் பயம்.

இதை எழுதுவதற்கே கை கூசுகிறது. கரையில் பிறந்தவன், இருபத்திரண்டு வயது, சிமியோன் என்று மீன்பிடிக்கிற அப்போஸ்தலரின் பெயர் வேறு. அதற்கு முந்திய வருடம் கார்த்திகையில் என்னைப் பெற்ற அப்புவும் நானும் எங்கள் சின்ன வள்ளத்தில் போனபோது காற்றுப் புரட்டிவிட்டது. கவிழ்ந்த வள்ளத்தின் முதுகில் காலையிலிருந்து மத்தியானம் வரை தொங்கினோம். ஒருவர் இந்தப் பக்கம், மற்றவர் அந்தப் பக்கம், நடுவில் இரண்டு பேரின் கைகளும் கோத்தபடி. காற்று அடங்கியபின்தான் அப்புவின் கை போனது. அவர் விட்டாரா, நான் விட்டேனா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவரை விழுங்கியபின் கடல் கழுவிக் கவிழ்த்த பீங்கான் போலப் பளபளவென்று கிடந்தது. நான் அந்தப் பளபளப்புக்குத்தான் பயந்தேன், புயலுக்கு அல்ல. மண்டைதீவார் என்னைத் தூக்கி ஏற்றியபோது என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து எடுக்க வேண்டியிருந்ததாம்.

நாலு மாதம் கழித்து அண்ணை கனிசியஸ் என்னைச் சம்மாட்டியின் வள்ளத்தில் சேர்த்துவிட்டார். அவரும் அதில்தான் போவார். பின்னேரம் நாலு மணிக்குக் கடற்கரைக்குப் போகிற ஒழுங்கையால் இறங்கும்போதே எனக்கு முழங்கால் தனக்குள் கதைக்கத் தொடங்கும். வள்ளத்தில் ஏறியதும் பாய்மரத்தின் அடியில் குந்தி அதைப் பிடித்துக்கொள்வேன். மற்றவர்கள் என்னை உசாரான பொடியன் என்று நினைத்தார்கள். மரத்தை விட்டு நகராமல் பாயைக் கவனிக்கிறானாம்!

ஒழுங்கை முடிகிற இடத்தில் கத்தரீனா அக்காவின் வீடு. அவவுடைய மனுசனையும் கடல்தான் கொண்டுபோனது, நாலு வருடம் முன்னால். பிள்ளைகள் இல்லை. சுவாமி இருக்கிற அறைவீட்டில் கூட்டிப் பெருக்கிச் சட்டி பானை கழுவுவா. சித்திரையில் ஒருநாள் நான் இறங்கிப் போகையில் வேலிக்குள்ளிருந்து சத்தமாகக் கேட்டா.

"சிமியோன், எங்கை போறாய்?"

முன்னே போன நாலு பேரும் நின்றார்கள். சம்மாட்டி என்னைப் பார்த்தார், காறித் துப்பினார், கையை வீசி வீட்டுக்குப் போ என்றார். நான் முகத்தைக் கோபமாக வைத்துக்கொண்டு திரும்பினேன். வீட்டுக்கு வந்ததும் நிலத்தில் குந்தவில்லை, விழுந்தேன். அழுகை வந்தது. அப்படி ஒரு சந்தோசம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

மூன்று கிழமை கழித்து மறுபடி கேட்டபோதுதான் இது வாய் தவறி வந்த கேள்வி இல்லை என்று விளங்கியது. அன்றைக்கு அறைவீட்டின் பின்பக்கம் போய் நின்றேன்.

"ஏனக்கா கேட்டனீங்கள்?"

"உன்ரை காலைப் பாத்தன்," என்றா, சட்டியைத் தேய்த்தபடி. "என்ரை மனுசன் கடைசியாப் போகேக்கையும் கால் அப்பிடித்தான் நடுங்கினது. காய்ச்சல் தொடங்கியிருந்தது. கேட்டு மறிக்க வேணுமெண்டு வாய் உன்னினது. சகுனமெண்டு சீலைத் தலைப்பாலை பொத்திக்கொண்டு நிண்டன்." சட்டியைக் கவிழ்த்து வைத்தா. "இனி ஆரின்ரை கால் நடுங்கினாலும் நான் கேப்பன். என்னைப் பழிச்சாப் பழிக்கட்டும்."

பிறகு, நான் பேயறைந்தவன் போல நிற்பதைப் பார்த்து, "கேட்டதுக்கு மறுமொழி சொல்லேல்லை நீ. எங்கை போறாய்?" என்று சிரித்தா.

எங்கேயாவது கடலே இல்லாத இடத்துக்கு என்றேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு கலண்டரைக் கொண்டுவந்தா.

சுவாமி பிரெஞ்சுக்காரர். அவரோடு படித்த குரு ஒருவர் தென்னமெரிக்காவில் பொலிவியா என்ற நாட்டில் இருந்தார். அவர் அனுப்பிய கலண்டர் அது; மாதத்துக்கொரு படம். எழுத்து எங்களுக்கு விளங்காது. ஆனால் தூசி தட்டப் போகும்போதெல்லாம் ஒவ்வொரு படமாகச் சுவாமியிடம் கேட்டு அக்கா எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தா. அந்த நாட்டுக்கு எந்தப் பக்கத்தாலும் கடல் இல்லையாம். ஒரு காலத்தில் இருந்ததாம். பக்கத்து நாட்டுக்காரன் சண்டை பிடித்துப் பறித்துக்கொண்டானாம். அதை நினைத்து அந்தச் சனம் இன்றைக்கும் கவலைப்படுகிறதாம். பறிகொடுத்ததற்கு நன்றிப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டியவர்கள் கவலைப்படுகிறார்கள் என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

அதன்பின் கேள்வி விழுந்த நாளெல்லாம் எனக்குப் பயண நாள். நான் "பொலிவியாவுக்கு" என்பேன், அக்கா கலண்டரை விரிப்பா. தை மாதத்தில் வெள்ளியை வயிற்றுக்குள் வைத்திருக்கும் பொத்தோசி மலை. மாசியில் ஒட்டகத்துக்கும் செம்மறிக்கும் பிறந்தது போல ஒரு மிருகம், காதில் சிவப்பு நூல் கட்டி. பங்குனியில் லா பாஸ் பட்டணம், பெரிய பள்ளத்துக்குள் வீடுகள், மேலே பனிமலை. எனக்குப் பிடித்தது ஆனி மாதம். ஊயுனி என்ற இடம். கண் எட்டுமட்டும் வெள்ளை வெளேரென்று உப்பு, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கடல் தன் உப்பை வைத்துவிட்டு எழும்பிப் போன இடம். அங்கேதான் முதலில் போவேன் என்பேன். செருப்பில்லாமல் நடுவில் போய் நின்று நாலு பக்கமும் பார்ப்பேன், ஒன்றும் வராது. அக்காவுக்கு சூக்கிரே என்ற ஊர். வீடெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு, சந்திக்குச் சந்தி கோயில் மணி. அங்கே ஒரு கோயிலில் கூட்டுகிற வேலை கிடைக்காமலா போகும் என்பா.

புரட்டாதியைப் புரட்டிய அன்று எனக்கு வேர்த்து ஊற்றியது. படம் முழுக்க நீலத் தண்ணீர். கோரைப்புல்லால் கட்டிய ஒரு வள்ளம். அதில் ஒருவன் எழும்பி நிற்கிறான்.

"அது ஏரி, தம்பி. நல்ல தண்ணி."

"நல்ல தண்ணியிலையும் சாகலாம் அக்கா."

அக்கா அந்தத் தாளை ஆவணியோடு சேர்த்து ஊசி குத்தி மூடிவிட்டா. எங்கள் பொலிவியாவில் ஆவணிக்குப் பின் ஐப்பசிதான் வந்தது.

ஏழு மாதத்தில் எல்லாமாக ஒன்பது தரம் கேட்டா. மற்ற நாட்களில் நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு போய் வந்தேன். ஊர் கண்மூடி இருக்கவில்லை. "அந்த மனுசிக்கு வாயிலை என்ன? சிமியோனைக் கண்டாலே கேக்குது" என்று அண்ணி அற்புதராணி குசினிக்குள் முணுமுணுப்பா. நான் குனிந்து சோற்றைப் பிசைவேன்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்தே காற்று நின்றுபோயிற்று. ஒழுங்கையின் முடிவில் கடல் தெரிந்தது: கழுவிக் கவிழ்த்த பீங்கான். நான் அறைவீட்டுக்கு ஓடினேன்.

"அக்கா, இண்டைக்குக் கட்டாயம் கேளுங்கோ."

"இந்த மாதம் ரெண்டு தரம் கேட்டாச்சு. சனம் பாக்குது, தம்பி. சுவாமியும் கொழும்புக்குப் போயிட்டார், ஏதும் எண்டால் எனக்கு ஆரும் இல்லை."

நான் அவவின் காலடியில் குந்திவிட்டேன். வெட்கத்தைப் பார்க்கிற நிலையில் இல்லை. செத்துப்போவேன் என்றேன், அப்பு கூப்பிடுகிறார் என்றேன், என்னென்னவோ உளறினேன். அவ எழும்பிப் போனா.

பின்னேரம் வேலிக்குள் சத்தம் இல்லை. வீட்டைத் தாண்டினேன். மணலைத் தாண்டினேன். இடுப்பளவு தண்ணீரில் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து ஏறக் காலைத் தூக்கும்போது, பின்னால் மணலில் ஓடிவருகிற சத்தம் கேட்டது.

"சிமியோன்! எங்கை போறாய்?"

சம்மாட்டி என் கையை விளிம்பிலிருந்து தட்டிவிட்டார். அண்ணை என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. நாலு பேரோடு வள்ளம் போனது. நான் கரைக்கு வந்தேன். அன்றைக்குக் கலண்டர் பார்க்கப் போகவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

விடிவதற்குள் வாடைக்காற்று இரண்டு தென்னையைச் சாய்த்துவிட்டது. காலையில் மற்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எங்களுடையது வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. அண்ணி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் முழங்கால் வரை போய் நின்றா. யாரோ ஒருத்தி முதலில் சொன்னாள். பிறகு எல்லோரும் சொன்னார்கள்: கேட்டது சிமியோனை மட்டும் இல்லை. அவன் கை வள்ளத்தில் இருந்தது. கேள்வி வள்ளத்துக்கே விழுந்துவிட்டது.

கோயில் மூப்பர் கிறிஸ்துநாயகம் ஆட்களோடு ஒழுங்கைக்கு வந்தார். அக்காவை வெளியே கூப்பிட்டார்கள். அவ வந்து வேலிப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. மூப்பர் என் பக்கம் திரும்பினார்.

"சிமியோன், உள்ளதைச் சொல்லு. உவள் உன்னை மறிச்சுக் கேட்டது இது முதல் தரமோ?"

இப்போது சொல்ல வேண்டும். நான்தான் கேட்கச் சொன்னேன், எனக்குக் கடலென்றால் பயம். இவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். ஏன் பயம், அன்றைக்கு என்ன நடந்தது, அப்பு எப்படிப் போனார், நீ மட்டும் எப்படி வந்தாய்? தண்ணீருக்குள் அண்ணி திரும்பி என்னைப் பார்த்தா.

"ஒன்பது தரம்," என்றேன்.

பொய் இல்லை. ஒரு எழுத்தும் பொய் இல்லை. அதைப் போல ஒரு துரோகத்தை நான் கேள்விப்பட்டதும் இல்லை.

அக்கா என்னைப் பார்த்தா. கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவ பார்த்தது என் காலை. பிறகு உள்ளே போய்விட்டா. அவவின் பானைகளைச் சனம் ஒழுங்கையில் எறிந்து உடைக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் வேலியோரம் நின்றேன்.

மூன்றாம் நாள் பாய் கிழிந்தபடி வள்ளம் வந்தது. இரணைதீவில் ஒதுங்கியிருந்தார்களாம். நாலு பேரும் உயிரோடு! கோயில் மணி அடித்தார்கள், அண்ணி மணலில் முழந்தாளில் நின்று அழுதா. இனி எல்லாம் சரி என்று நினைத்தேன். சம்மாட்டி உப்பில் வெடித்த காலோடு ஒரு கல்லில் இருந்தபடி நடந்ததைக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்கடை கோயில் புனிதர் சந்தியோகுமையோர் எங்களைக் காப்பாத்தினவர். அதுக்காக அவளை இந்தக் கரையிலை வைச்சிருக்கேலாது." தப்பி வந்தது புனிதரால். போய் மாட்டியது அவளால். கணக்குத் தீர்ந்தது.

அடுத்தநாள் காலை அக்கா ரயிலுக்குப் போய்விட்டா என்று கேள்விப்பட்டேன். கண்டியில் ஒரு கன்னியர் மடத்தில் அவவின் சொந்தக்காரி ஒருத்தி இருந்தாள். மலைநாடு. கடல் தெரியாத ஊர். அவவுக்கு நல்லதுதானே என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த நினைப்பு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதைக் கண்டதும்தான் என்மேல் எனக்கு அருவருப்பு வந்தது. ஓடினேன்.

யாழ்ப்பாணம் ஸ்டேசனில் ரயில் நின்றுகொண்டிருந்தது. அக்கா ஒரு தகரப்பெட்டியைத் தூக்கிப் படியில் வைக்கப் போனா. பெட்டியைப் பிடித்து மறிக்க எனக்கு உரிமை இல்லை. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. என்னிடம் இருந்தது ஒரே ஒரு சொல். அதுவும் அவ தந்தது.

"அக்கா! எங்கை போறியள்?"

ஏறப் போன சனம் எல்லாம் திரும்பி என்னை முறைத்தது. பயணம் வெளிக்கிட்டவளிடம் கேட்கிற கேள்வியா இது! அக்கா காலைப் படியிலிருந்து எடுத்தா. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தா. பெட்டியை இறக்கினா. பிறகு மேடையின் வெறும் நிலத்தில் குந்தி, குழாயடியில் நின்ற மனுசியிடம் செம்பை வாங்கி, ஒரு மிடறு தண்ணீர் குடித்தா.

ரயில் போய்விட்டது.

"கண்டிக்குப் போக எனக்கு விருப்பந்தான்," என்றா. "போறதெண்டால் நானாப் போவன். வேலியைப் பிரிச்சுத் துரத்தினாப் போல போகமாட்டன். அடுத்த கோச்சி பின்னேரம் இருக்கு. அதுமட்டும் இதிலை இருக்கிறன். நீ போய்ச் சொல்லு."

"பயமாக்கிடக்கு அக்கா."

அவ பெட்டியைத் திறந்து கலண்டரை எடுத்தா. சுவாமி கொழும்புக்குப் போகுமுன் கொடுத்திருக்க வேண்டும். புரட்டாதியை மூடியிருந்த ஊசியைக் கழற்றி என் கையில் வைத்தா. "எந்த நாட்டுக்குப் போனாலும் புரட்டாதி வரும், தம்பி. போ."

குருநகருக்குத் திரும்பி நடந்த தூரத்தில் எத்தனை தரம் நின்றேன் என்று எண்ணவில்லை. யாராவது, ஒரு நாயாவது, எங்கே போகிறாய் என்று கேட்காதா என்று பார்த்தேன். ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

கரையில் சம்மாட்டியும் அண்ணையும் மற்ற இருவரும் கிழிந்த பாயை விரித்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களுக்கு முன்னால் போய் நின்றேன். கையிலிருந்த ஊசி உள்ளங்கையில் ஏறியிருந்தது.

"நான்தான் அவவைக் கேக்கச் சொன்னனான். எனக்குக் கடலெண்டால் பயம்."

பிறகு நிறுத்த முடியவில்லை. காலையிலிருந்து மத்தியானம் வரை தொங்கியது, பாய்மரத்தைப் பிடித்தது, உப்பு மட்டும் இருக்கிற ஊர், மூப்பரிடம் சொன்ன ஒன்பது, அக்கா ஸ்டேசனில் குந்தியிருப்பது, எல்லாம் சொன்னேன். அப்புவின் கையையும் சொன்னேன். "நான் விட்டனோ, அவர் விட்டாரோ, எனக்குத் தெரியாது அண்ணை." அண்ணை தையலூசியைப் பாயில் குத்திவிட்டு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய முதுகு குலுங்கியது.

கடைசியில் சம்மாட்டி கேட்டார்.

"அவள் என்னத்தைக் கண்டு முதல் தரம் கேட்டவள்?"

"என்ரை கால் நடுங்கினதைக் கண்டு."

"எட்டு மாதமா என்ரை வள்ளத்திலை இருக்கிறாய்," என்றார். "நான் காணேல்லை." என்னைப் பார்க்காமல், பாயைப் பார்த்துத்தான் சொன்னார். "அந்தக் குளிர்த் தண்ணியிலை ஆரின்ரை கையடா பிடிச்சு நிண்டிருக்கும்? அது தானாத்தான் விட்டிருக்கும். உன்ரை கொப்பன் என்ரை கூட்டாளி. எனக்குத் தெரியும்."

எழும்பினார். வெடித்த காலை மணலில் ஊன்றி, கல்லில் கிடந்த சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒழுங்கைப் பக்கம் நடந்தார். மூப்பரிடம் போகிறாரா, என்னைக் கரையிலிருந்து துரத்த ஆள் கூட்டப் போகிறாரா? வாயை மூடமுடியவில்லை.

"சம்மாட்டியார், எங்கை போறியள்?"

கேட்டபின்தான் என்ன கேட்டேன் என்று எனக்கு உறைத்தது. அண்ணை வெடுக்கென்று திரும்பினார். மற்ற இருவரும் தைப்பதை விட்டு என்னைப் பார்த்தார்கள். பிறந்த நாள் முதல் இந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறாத மனிதர், ஒழுங்கை வாசலில் அப்படியே நின்றார். அவருடைய வீடு பக்கத்தில்தான். திரும்பிப் போய்க் குந்தித் தண்ணீர் குடிக்க இரண்டு நிமிடம் போதும்.

"ஸ்டேசனுக்கு," என்றார். திரும்பிப் பார்க்காமல், நொண்டி நொண்டி நடந்தார்.